பதினாலாம் அறைத் தண்ணீர்

ஜனவரி 9, திங்கள்

இன்றிலிருந்து தினமும் தண்ணீருக்கு என்ன செய்தேன் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது சுகாதாரத் துறை உத்தரவு. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல ரிசப்ஷனில் இருக்கும் இவாஞ்சலின் எழுதுகிறாள். எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு கீழே இருப்பவள், பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். என் பேச்சைத் திருத்தி எழுதிவிட்டுப் படித்துக் காட்டுகிறாள். சரி என்றால் தலையாட்டுகிறேன்.

பெயர் காத்தமுத்து. வயது எழுபத்துநாலு. மலைமேல் இருக்கும் இந்த ஓட்டலில் முப்பத்தொரு வருடமாகப் பாய்லர் வேலை. அதற்கு முன் நீலகிரியிலேயே தேயிலைத் தோட்டம். அதற்கும் முன் இலங்கையில், பிறந்த தோட்டம்.

காலை பதினொரு மணிக்கு சுகாதாரத் துறை ஜீப் வந்தது. இறங்கியவர் டாக்டர் ஹமீதா. நாற்பது வயது இருக்கும், காலில் ரப்பர் பூட்ஸ். அவர் சொன்னது இது. டிசம்பரில் இங்கே தங்கிய ஒரு வெள்ளைக்காரருக்கு ஊர் திரும்பியதும் நிமோனியா. அவர்கள் ஆஸ்பத்திரியில் மூத்திரத்தைச் சோதித்து இன்ன நோய் என்று கண்டுபிடித்தார்கள். அந்த நோய் வந்தால் அங்கே அரசாங்கத்துக்குச் சொல்லியே ஆக வேண்டுமாம். அரசாங்கம் அந்த மனிதரிடம், பதினாலு நாளாக எங்கெங்கே படுத்தாய், எங்கெங்கே குளித்தாய் என்று கேட்டிருக்கிறது. அவர் சொன்னதில் எங்கள் ஓட்டலும் ஒன்று. கடிதம் அங்கிருந்து தில்லி, தில்லியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து மலையேறி வந்திருக்கிறது.

நோயின் பெயர் லீசனார். ஏதோ பெரிய மனிதர் பெயர் போல இருக்கிறது. இவாஞ்சலின் லீஜனெயர்ஸ் என்று வேறு மாதிரி எழுதப் போனாள். எனக்கு வாயில் வருகிறபடியே எழுது என்றேன்.

மேனேஜர் ஜெயசீலன் ரிஜிஸ்தரைப் புரட்டி, "ரூம் பன்னெண்டு மேடம்" என்றார்.

"பதினாலு" என்றேன் நான். "பன்னெண்டுல கணப்புப் புகை உள்ள அடிச்சுச்சு. அன்னைக்கி சாயந்திரமே பதினாலுக்கு மாத்துனோம். டிசம்பர் பத்து சனிக்கிழமை புருசனும் பொண்டாட்டியுமா வந்தாங்க. செவ்வாக்கிழமை காலைல ஆப்பம் சாப்பிட்டுட்டுப் போனாங்க. அவரு தொப்பிய மறந்துட்டாரு, நாந்தான் ஓடிப் போய்க் கார்ல குடுத்தேன்."

டாக்டர் ரிஜிஸ்தரை மூடிவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பாய்லர் சூடு எவ்வளவு, பதினாலு இருக்கிற பழைய கட்டு எத்தனை நாள் பூட்டியிருந்தது, குழாய் எப்போது மாற்றியது என்று எல்லாம் கேட்டார். எல்லாம் சொன்னேன். ஏழு வருடம் முன் சித்திரையில் ஒரு குழந்தையின் கை வெந்துபோனது. அன்றிலிருந்து சூட்டைக் குறைத்தே வை என்று மேனேஜர் உத்தரவு. கை வைத்தால் இதமாக இருக்கும். அந்த இதம்தான் லீசனாருக்கும் பிடிக்குமாம். இதமாக, ஓடாமல் நிற்கிற தண்ணீரில் பெருகி, ஷவர் தூறலோடு மூச்சுக்குள் போய் நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளுமாம். ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது. தண்ணீரிலிருந்துதான்.

"அவங்க போனதுக்கப்புறம் அந்த ரூம்ல யாராவது தங்கினாங்களா, குளிச்சாங்களா?" என்று கேட்டார்.

யாரும் இல்லை என்றேன்.

அவர் போன பிறகு அவர் வைத்துவிட்டுப் போன அட்டையை இவாஞ்சலின் படித்தாள். மாவட்டக் கண்காணிப்பு அலுவலர் என்று போட்டிருந்தது. கங்காணியா என்று கேட்டேன். "அந்த மாதிரிதான் பெரியப்பா, பெரிய கங்காணி" என்று சிரித்தாள்.

ஜனவரி 10, செவ்வாய்

பாய்லர் சூடு அறுபதுக்கு மேல் இருக்க வேண்டும். எனக்கு எண் தெரியாது என்பதால் மீட்டர் கண்ணாடியில் அறுபது இருக்கும் இடத்தில் இவாஞ்சலின் தன் நகச்சாயத்தால் கோடு போட்டுக் கொடுத்தாள். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டியது. புதுக் கட்டில் பத்து அறையிலும் குழாயை ஐந்து ஐந்து நிமிடம் திறந்துவிட்டேன்.

டாக்டர் ஆட்கள் வந்து பழைய கட்டின் நாலு அறையிலும் தண்ணீர் பிடித்துப் போனார்கள். பதினாலில் ஷவர் தலையைக் கழற்றினார்கள். உள்ளே பாசி மாதிரி வழவழவென்று இருந்தது. தரையில் ஜலதாரை மூடியில் பச்சையாக ஏதோ தூள் ஒட்டியிருந்தது. இவாஞ்சலின் குனிந்து தொட்டு முகர்ந்து பார்த்தாள்.

"சீயக்கா" என்றாள்.

வெள்ளைக்காரம்மா நம்ம ஊர்ச் சாமான் எல்லாம் வாங்கிப் பார்ப்பார்கள் என்றேன். அவள் கையைக் கழுவினாள்.

ஜனவரி 11, புதன்

முள் கோட்டைத் தாண்டியது. குழாய்கள் திறந்தேன். புதன் என்பதால் மேனேஜர் வழக்கம்போல் கோயம்புத்தூர் போனார். என் வீட்டுக்காரி சிட்டம்மா இன்று வீட்டிலேயே இருந்தாள். உடம்பு வலி என்றாள்.

ஜனவரி 13, வெள்ளி

முள் கோட்டைத் தாண்டியது. விறகு ஈரம், புகை அதிகம்.

சிட்டம்மாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். கசாயம் குடித்தாள். சோறு வேண்டாம் என்றாள். அவளுக்கு அறுபத்தொன்பது வயது. தோட்டத்தில் கொழுந்து எடுத்த முழங்கால், குளிர் வந்தால் மடங்காது. வெந்நீர் மேலிருந்து விழுந்தால் நன்றாக இருக்கும் என்பாள்.

எங்கள் தோட்டத்துக் கங்காணியைப் பற்றிச் சொல்கிறேன். அவனுக்குப் பெயர் இருந்தது, அதைச் சொல்ல மாட்டேன். தினம் காலையில் ஆளை எண்ணுவான். யார் வரவில்லை, யார் வீட்டில் யார் வந்து படுத்திருக்கிறார்கள், எல்லாம் துரையிடம் ரிப்போர்ட் போகும். அறுபத்திரண்டில் எங்கள் அம்மாவுக்குக் கடைசிப் பிரசவம். அப்பா தேயிலை ஃபாக்டரி பாய்லரிலிருந்து ஒரு வாளி வெந்நீர் கொண்டுவந்தார். கங்காணி ரிப்போர்ட் கொடுத்தான். கம்பெனிச் சாமானைக் களவு எடுத்தான் என்று கேஸ் போட்டு, செக்ரோல் என்கிற ஆள்கணக்கு ஏட்டில் அப்பா பெயரை வெட்டிவிட்டார்கள். பிறந்து ஒன்பது நாள் ஆன பிள்ளையோடு மழையில் லயத்து வீட்டைவிட்டு இறங்கினோம். எனக்குப் பதிமூன்று வயது. சட்டிபானையை நான்தான் தூக்கினேன்.

இதை எதற்கு இந்த நோட்டில் என்று இவாஞ்சலின் கேட்டாள். தண்ணீரைப் பற்றித்தானே சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 15, ஞாயிறு

பொங்கல். முள் கோட்டைத் தாண்டியது. பானையை நான் வைத்தேன். பொங்கும்போது சிட்டம்மா எழுந்து வந்து நின்றாள், நிற்க முடியாமல் உட்கார்ந்தாள். யார் யாரோ வந்திருக்கிறார்கள், பாய் எடுத்துப் போடுங்க என்றாள். யாரும் வரவில்லை.

ஜனவரி 16, திங்கள்

டவுன் ஆஸ்பத்திரியில் நிமோனியா என்றார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் கோயம்புத்தூர். திருப்பூரிலிருந்து மகள் மலர்க்கொடி வந்துவிட்டாள்.

வார்டு டாக்டர் கேட்டார்: "வெளியூர் எங்கயாவது போனாங்களா? ஓட்டல், லாட்ஜ்ல தங்கினாங்களா?"

"எங்கம்மா மலைய விட்டு எறங்குனதே இல்ல சார்" என்றாள் மகள்.

சிட்டம்மாவுக்கு அப்போது கொஞ்சம் நினைவு இருந்தது. "இல்ல" என்று கையை ஆட்டினாள். டாக்டர் என்னைப் பார்த்தார். இல்லை என்றேன். ஊசி போட ஆரம்பித்தார்கள்.

பாய்லரை இன்று தோட்டக்காரர் பார்த்துக்கொண்டார். சூடு தெரியவில்லை.

ஜனவரி 18, புதன்

மூன்று நாளாக ஊசி. காய்ச்சல் இறங்கவில்லை. மூச்சுக்கு முகத்தில் மூடி மாட்டியிருக்கிறார்கள். இப்படியே போனால் தொண்டையில் குழாய் போட வேண்டிவரும் என்று மகளிடம் சொன்னார்களாம். என்னிடம் யாரும் சொல்லவில்லை. படியில் உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் மேலே வந்துவிட்டேன், நாளை டாக்டர் ஹமீதா நோட்டைப் பார்க்க வருகிறார் என்பதால்.

ஜனவரி 19, வியாழன்

முள் கோட்டைத் தாண்டியது.

டாக்டர் வந்தார். நோட்டில் சூட்டுக் கணக்கு வரைக்கும் இவாஞ்சலின் படித்துக் காட்டினாள், மற்றதை விட்டுவிட்டாள். மேனேஜர் டாக்டரிடம், "ஒரு கேஸ்தானே மேடம், இதோட முடிஞ்சிரும்ல?" என்றார்.

"ரெண்டு வருஷத்துக்குள்ள இதே ஓட்டல்ல ரெண்டாவது கேஸ் வந்தா இத வேற மாதிரி பார்ப்பாங்க சார். அப்ப ஓட்டல் பேரு வெளிநாட்டுக்காரங்க பார்வைக்கும் போகும்."

"அதெல்லாம் வராது மேடம்" என்று சொல்லிவிட்டு டீ சொல்லப் போனார்.

டாக்டர் பாய்லர் அறைக்கு வந்து மீட்டரைப் பார்த்தார். அப்போது கேட்டேன், "கேஸ் போட்டா யாரு மேலம்மா போடுவீங்க? பாய்லர்காரன் மேலயா?"

"யாரு மேலயும் போட மாட்டோம் ஐயா. கேஸ்னா நோயாளி. ஒருத்தருக்குச் சீக்கு வந்தா அது ஒரு கேஸ், அவ்வளவுதான்."

"அப்ப ஆளப் பிடிக்கிறதில்லையா?"

"தண்ணியத்தான் பிடிக்கிறோம்" என்றார். சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டார். "ஏன் கேக்குறீங்க?"

கங்காணி வேலை என்று நினைத்தேன் என்றேன். அறுபத்திரண்டில் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"நான் ஆள எண்ணுறவ ஐயா. அவ்வளவுதான் என் வேலை."

"கங்காணியும் ஆளத்தாம்மா எண்ணுனான்" என்றேன்.

"எண்ணி அவன் என்ன செஞ்சான்? பேர வெட்டுனான். நான் எண்ணுறது எதுக்குன்னா, எந்தக் குழாய மூடணும்னு தெரியணும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு எந்த மருந்து குடுங்கன்னு சொல்லணும்னு தெரியணும். ஒரு ஆள மறைச்சா குழாய் தெறந்தே கெடக்கும்."

அதன் பிறகும் நேராகக் கேட்க வாய் வரவில்லை. "அந்தத் தண்ணில குளிச்ச ஒரு பொம்பளைக்கு நிமோனியா வந்து, மூணு நாள் ஊசி போட்டும் எறங்கலன்னா?" என்றேன்.

டாக்டர் கையிலிருந்த பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். "வழக்கமா போடுற ஊசிக்கு இது அசையாது ஐயா. இதுக்குக் கேக்கற மருந்து வேற. எல்லா ஆஸ்பத்திரியிலயும் இருக்கும், ஆனா இதுதான் நோய்னு தெரிஞ்சாத்தான் போடுவாங்க. யாரு அந்தப் பொம்பள?"

இந்த இடம் வந்ததும் இவாஞ்சலின் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "பெரியப்பா, இது ஓட்டல் நோட்டு. மேனேஜர் படிப்பாரு. வேல போயிரும்."

எழுது தாயி என்றேன். நான் சொன்னபடியே எழுது.

பெயர் சிட்டம்மா, என் வீட்டுக்காரி. பழைய கட்டு, பதினாலாம் அறை. டிசம்பர் இருபத்தெட்டு புதன், ஜனவரி நாலு புதன். மேனேஜர் கீழே போன பிறகு, பகல் பதினொரு மணிக்கு. கதவைத் திறந்துவிட்டது நான். தண்ணீரைத் திறந்துவிட்டதும் நான்.

அங்கேயே நின்றபடி டாக்டர் கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். நான் சொன்ன தேதிகளை அப்படியே சொன்னார். வார்டு எண்ணை என்னிடம் கேட்டார். அதையும் சொன்னேன்.

ஜனவரி 20, வெள்ளி

மூத்திரத்தைச் சோதித்தார்கள். லீசனார்தான். நேற்று மாலையே புது மருந்தை ஏற்றிவிட்டார்கள், சோதனை முடிவுக்குக் காத்திருக்கவில்லை என்று மகள் போனில் சொன்னாள்.

மேனேஜர் காலையில் நோட்டைக் கேட்டார். இவாஞ்சலின் கொடுத்தாள். கடைசிப் பக்கத்தைப் படித்தார். "முப்பது வருஷம் உப்பு தின்னுட்டு இப்படிப் பண்ணிட்டீங்களே பெரியவரே" என்றார். "நாளையிலிருந்து வர வேண்டாம்."

முள் கோட்டைத் தாண்டியிருந்தது. பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

இனி இந்த நோட்டை இவாஞ்சலின் வீட்டில் வைத்து எழுதுகிறோம். நோட்டு தன்னுடையது, ஓட்டலுடையது இல்லை என்று சொல்லி மேனேஜரிடமிருந்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவளையும் திட்டினாராம். என்ன சொன்னார் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள்.

ஜனவரி 21, சனி

காய்ச்சல் அரை டிகிரி இறங்கியிருக்கிறது. அரை என்றால் எவ்வளவு என்று மகளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஜனவரி 23, திங்கள்

தண்ணீர்ச் சோதனை முடிவு வந்தது. பதினாலிலும் பதிமூன்றிலும் லீசனார் இருக்கிறது. ஓட்டலை மூடச் சொல்லிவிட்டு டாக்டர் வீட்டுக்கே வந்து படிவத்தைப் பூர்த்தி செய்தார். பிறகு மேலே அனுப்புகிற பக்கத்தைப் படித்துக் காட்டினார். பெண், அறுபத்தொன்பது, இன்ன தேதி நோய் தொடங்கியது, இன்ன இடம், இரண்டாவது கேஸ்.

"பேரு?" என்றேன்.

"மேல பேரு போகாது ஐயா. நம்பர்தான்."

வெட்டுவதற்கு அங்கே பெயரே இல்லை. பத்து நாளாக நான் எதை ஒளித்து வைத்திருந்தேன் என்று யோசித்தேன்.

அவர் கிளம்பும்போது எனக்குத் தெரிந்த மற்றவர்களையும் சொன்னேன். அறை துடைக்கிற அப்பாத்துரை, இரண்டாயிரத்துப் பதினேழு மாசி மாதம், பழைய கட்டைக் கழுவிவிட்ட பதினோராம் நாள் இறந்தான். மலைக்காய்ச்சல் என்றார்கள். அதற்கு மறுவருடம் பதிமூன்றாம் அறையில் தங்கிய பெங்களூர்ப் பையன், கல்யாணமாகி ஆறு நாள், ஊர் போய்ச் சேர்ந்ததும் படுத்துவிட்டான் என்று அவன் மாமனார் போன் செய்து சத்தம் போட்டார்.

"சோதனை இல்லாம இதெல்லாம் கேஸ்ல சேராது ஐயா."

"சேர வேணாம்மா. நீங்க தெரிஞ்சுக்கங்க."

படிவத்தின் பின்பக்கம் இரண்டு பேரையும் எழுதிக்கொண்டார். அப்பாத்துரையின் அப்பா பெயரைக் கேட்டார். சொன்னேன்.

ஜனவரி 25, புதன்

மேனேஜர் வந்தார். வாசலிலேயே நின்றார்.

"பிளம்பர் வந்துருக்கான். கெட்டுப்போன குழாயெல்லாம் பிடுங்கி எடுத்தாத்தான் ஓட்டலத் தெறக்க விடுவாங்களாம். பழைய கட்டுல எது எங்க போய் முடியுதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல. பிளான் எங்க இருக்கு பெரியவரே?"

"பிளான் கெடையாது சார். நான்தான்."

உள்ளே வந்து உட்கார்ந்தார். சொன்னேன். தொண்ணூற்றெட்டில் பழைய தொட்டியை எடுத்தபோது பதிமூன்றுக்கும் பதினாலுக்கும் நடுச் சுவரில் ஒரு குழாயை வாயடைத்து அப்படியே பூசிவிட்டார்கள். தண்ணீர் அதற்குள் போகும், வெளியே வராது. இருபத்தைந்து வருடமாக அங்கேயே நிற்கிறது. சுவரில் ஆணி அடித்த இடத்திலிருந்து இரண்டு முழம் கீழே.

"நாளைக்கே வாங்க" என்றார். சிட்டம்மாவைப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வருகிறேன் என்றேன். சரி என்றார். அவள் எப்படி இருக்கிறாள் என்று படி இறங்கும்போது கேட்டார்.

ஜனவரி 29, ஞாயிறு

முகத்து மூடியை எடுத்துவிட்டு மூக்கில் சின்னக் குழாய் மட்டும் வைத்திருந்தார்கள். இன்று அதையும் எடுத்துவிட்டார்கள். இரண்டு இட்லி தின்றாள். சட்னியில் காரம் இல்லை என்றாள்.

டாக்டர் ஹமீதாவின் அம்மா வீடு கோயம்புத்தூரில்தான். போகிற வழியில் வார்டுக்கு வந்தார். நோயாளியின் வாயாலேயே ஒரு முறை கேட்டு எழுத வேண்டுமாம்.

"பாட்டி, நோய் வர்றதுக்கு முன்னாடி எங்கயாவது ஷவர்ல குளிச்சீங்களா?"

சிட்டம்மா என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள். "நமக்கேதும்மா ஷவரு? அண்டாவுல மொண்டு ஊத்திக்கிறதுதான். அந்த ஓட்டல் கேட்டுக்குள்ளகூட நான் கால் வச்சதில்ல." குரல் காற்றாகத்தான் வந்தது. ஆனாலும் ஒரு சொல் பிசகவில்லை.

"நான் சொல்லிட்டேன் புள்ள" என்றேன்.

"என்னத்த?"

"எல்லாத்தையும்."

கண்ணை மூடிக்கொண்டாள். வேலை போய்விட்டதா என்று கேட்டாள். போய், திரும்ப வந்துவிட்டது என்றேன்.

"எத்தன தடவன்னு சொன்னீங்க?"

"ரெண்டு."

"ரெண்டா?" கண்ணைத் திறந்தாள். "மூணும்மா, எழுதிக்கங்க. அதுக்கு முந்துன புதன், இருட்டுற மாதிரி மேகம் போட்டு ஒரே குளிரு, அன்னைக்கித்தான் மொதல்ல கூட்டிட்டுப் போனாரு. ஞாபகம் ஞாபகம்னு ஊரே இவரப் பேசும். அத மட்டும் எப்படி மறந்தாராம்?"

"அம்மா, பேசாம படு" என்றாள் மலர்க்கொடி.

"நான் ஏன் பேசாம இருக்கணும்? அன்னைக்கி அவருந்தான குளிச்சாரு. ரெண்டு பேரும், ஒரே ஷவரு."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நர்ஸ் சலைன் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் பேப்பரிலிருந்து தலை எடுக்கவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

"டிசம்பர் இருபத்தொண்ணா ஐயா?"

"ஆமாம்மா."

"நீங்களும்?"

"ஆமாம்மா."

காய்ச்சல் வந்ததா, இருமல் உண்டா, மூச்சு வாங்கியதா என்று கேட்டார். இல்லை என்றேன். நாள் கடந்துவிட்டது, பயமில்லை, இருந்தாலும் பார்த்துவிடலாம் என்று பையிலிருந்து நீல மூடி போட்ட ஒரு சின்னப் பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

ஒரே ஷவர் என்பதையும் எழுதவா என்று இவாஞ்சலின் கேட்கிறாள். தேதியைச் சரியாக எழுது, மற்றது உன் இஷ்டம் என்றேன்.

கழிப்பறை வாசலில் எனக்கு முன்னால் நாலு பேர். பாட்டிலை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு நின்றேன். வார்டுக் கதவு திறந்துதான் இருந்தது. சிட்டம்மா அடுத்த கட்டில்காரியிடம் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்திருந்தாள். கழிப்பறை வாசல் வரைக்கும் கேட்டது.